கோப அட்டையில் என் முகம்

தள்ளி உட்காராதீங்க தம்பி. நான் கோபமாக இல்லை. என் முகமே இப்படித்தான். காரியாபட்டியில் ஏறுகிற கூட்டத்துக்கு எப்படியும் நீங்க என் பக்கம் நெருங்கித்தான் ஆக வேண்டும். இப்போதே வந்துவிட்டால் பழகிவிடும்.

செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறேன், தப்பாக நினைக்காதீங்க. புதுச் செருப்பு, வார் கடிக்கிறது.

மதுரைக்கா? நானும்தான். மண்டேலா நகரில் இறங்க வேண்டும். சனிக்கிழமையானால் அருப்புக்கோட்டையில் இந்த பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். மகள் வீடு. பேத்தி மிருதுளாவுக்கு ஒன்பது வயது. அவளைப் பார்க்கத்தான் போகிறேன். மகள் வீடு என்று பெயருக்குச் சொல்கிறேனே தவிர, அது சம்பந்தி வீடு. மாப்பிள்ளையின் அப்பா, தெய்வநாயகம். அந்த மனுஷனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எனக்கு யார் மேலும் வருத்தம் கிடையாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

மதுரையில் ஒரு சுவரில் என் முகத்தைப் பெரிதாக ஒட்டி, கீழே 'கோபம்' என்று எழுதி வைத்திருந்தார்கள் தம்பி. பக்கத்திலேயே அவர் முகம். கீழே 'சந்தோஷம்'.

சிரிக்காதீங்க. சரி, சிரிச்சுக்கங்க. எல்லோரும்தான் சிரித்தார்கள்.

நான் எங்கள் ஊர் தியேட்டரில் கேட்டில் நின்றவன். முப்பது வருஷம் காக்கிச் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு டிக்கெட் கிழித்திருக்கிறேன். கேட்டில் நிற்கிறவன் ஒரு தடவை சிரித்தான் என்று வைத்துக்கொள்ளுங்க, மறுநாள் மச்சான் என்று தோளில் கை போட்டு நாலு பேர் டிக்கெட் இல்லாமல் உள்ளே போய்விடுவார்கள். முதலாளியே சொல்லுவார், "சங்கையா, உன் மூஞ்சிதான்டா என் தியேட்டருக்குப் பூட்டு" என்று. பூட்டு சிரிக்குமா?

சம்பந்தியும் வாசலில் நின்றவர்தான். மதுரையில் பெரிய ஜவுளிக்கடை. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, கையைக் கூப்பி, "வாங்கம்மா, வாங்கண்ணே, பட்டு மாடியில இருக்கு." பல்லைக் காட்டுவதற்குச் சம்பளம். நான் ஆளை உள்ளே விடாமல் சம்பாதித்தேன், அவர் ஆளை உள்ளே இழுத்துச் சம்பாதித்தார். கல்யாணத்தன்று ரெண்டு பேரையும் மண்டப வாசலில் ஆளுக்கொரு பக்கம் நிறுத்திவிட்டார்கள். வருகிறவன் எல்லாம் அவர் பக்கமாகவே உள்ளே போகிறான். என் பக்கம் வந்தவர் ஒரே ஒருத்தர். அவரும் என்னைப் பார்த்ததும் பயந்துபோய்ச் சட்டைப் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். நான் வாங்கி, சரிபாதியாகக் கிழித்து, ஒரு பாதியை அவரிடமே கொடுத்துவிட்டேன். கைப்பழக்கம் தம்பி. சொந்த மகளின் கல்யாணப் பத்திரிகை.

அதை இன்றுவரை வருகிற போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார் அந்த மனுஷன். நான் மறந்துவிட்டேன். ஆனால் மறப்பேனா?

மிருதுளா விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு ஆட்டிசம். அது நோய் இல்லை, பிள்ளை உலகத்தை வேறு மாதிரி பார்க்கிறது, அவ்வளவுதான் என்று பெனிட்டா டீச்சர் சொல்லுவார். அவர்தான் அந்த மையத்தை நடத்துகிறவர். பிள்ளைக்குப் பேச்சு குறைவு. தொட்டால் பிடிக்காது. மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவாள். ஆனால் ஒரே ஒரு சத்தம் அவளுக்கு உயிர். காகிதம் கிழிகிற சத்தம். அதைக் கண்டுபிடித்தது நான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. சம்பந்தி இல்லை, நான்.

தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளை எல்லாம் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருப்பாள். சனிக்கிழமை நான் போய் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கி முக்காலியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும், பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டு உட்காருவாள். ஒரு தாளை நீட்டி, "கிழி" என்பாள். டர்ர் என்று நேர்கோடாகக் கிழிப்பேன். கோணல் வரக் கூடாது, வந்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒரு பாதி அவளுடைய பிஸ்கட் டப்பாவுக்குள் போகும், ஒரு பாதி எனக்கு. மத்தியானம் முழுக்க இதுதான். மற்றவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். எனக்கு அந்த ஒரு சாண் தூரத்துக்காகத்தான் ஒன்றரை மணி நேரம் பஸ்.

இதில்தான் மண் விழுந்தது.

பிள்ளைக்குத் தனக்குள் என்ன ஆகிறது என்று சொல்லத் தெரியவில்லை. பசித்தாலும் அலறல், பயந்தாலும் அலறல். எதற்கு அலறுகிறாள் என்று தெரியாமல் என் மகள் செல்வராணி கூடச் சேர்ந்து அழுவாள். அதற்காக டீச்சர் அட்டை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பொம்மை முகம் போட்ட அட்டைகள். இது சந்தோஷம், இது வருத்தம் என்று. அவளுக்குப் பொம்மை முகம் பிடிபடவில்லை. சரி, வீட்டு ஆட்கள் முகத்தையே படம் எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு எதிரே நின்றார்.

"மாமா, சந்தோஷமா இருக்கிற மாதிரி பாருங்க."

பார்த்தேன்.

"இப்ப வருத்தமா."

அப்படியும் பார்த்தேன்.

"பயம். அப்புறம் கோபம்."

எல்லாம் கொடுத்தேன், ஒன்றுகூட விடவில்லை. மாப்பிள்ளை போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மாமா, ஒரே போட்டோவை நாலு தடவை எடுத்த மாதிரி இருக்கு."

செல்வராணி வாங்கிப் பார்த்தாள். "அப்பா, இதுல எதுப்பா சந்தோஷம்?"

"மூணாவது."

"அது பயம்ப்பா."

"அப்ப ரெண்டாவதா இருக்கும்."

சம்பந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "நாலையும் கொடுத்துப் பாருங்க, எது எதுன்னு டீச்சரே கண்டுபிடிக்கட்டும்" என்றார். அந்த வாயை அன்றைக்கே அடைத்திருக்க வேண்டும்.

டீச்சர் பார்த்துவிட்டு என்னிடம், "சார், உங்க முகம் ரொம்பத் தெளிவா இருக்கு. பெரிசா எடுத்து சுவர்ல மாட்டிக்கட்டுமா? மத்தப் பிள்ளைங்களுக்கும் உபயோகமா இருக்கும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. தாராளமாக மாட்டுங்கள் என்றேன். என்னவாக மாட்டப் போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை மையத்துக்குப் போய் உள்ளே கால் வைக்கிறேன். ஒரு பையன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "டீச்சர், கோபம் உள்ள வருது!" என்று கத்திவிட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான்.

ஊருக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமா இல்லையா? "நல்ல வேளை, நம்ம கல்யாண போட்டோ அவங்க கையில சிக்கல" என்கிறாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். சுவரில் மாட்டினால் என்ன, தேய்ந்தா போய்விடுவேன்? ஆனால் அந்த அட்டைகளோடு ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாராவது கோபமாக இருந்தால் கிட்டே போகாதே, தள்ளி நில், கோபம் அடங்கினதும் போ என்று. நல்ல பாடம்தான். பிள்ளை ஒரு பாடத்தைப் பிடித்தாள் என்றால் பிடித்ததுதான், நம்மைப் போல ஆளுக்குத் தக்கபடி வளைக்கத் தெரியாது.

அன்று மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தேன். காலைத் தூக்கி முக்காலியில் போட்டேன். மிருதுளா காலண்டர் தாள்களோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். "கோபம்" என்றாள். போய் அடுப்படி வாசலில் நின்றுகொண்டாள்.

எப்போது அடங்கும் என்று நிற்கிறாள் தம்பி. என் கோபம் எப்போது அடங்கும்? இருந்தால்தானே அடங்குவதற்கு! சாயங்காலம் பஸ் ஏறுகிற வரைக்கும் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். நடுநடுவே தலையைக் குனிந்து தரையைப் பார்ப்பாள், பிறகு அட்டையைப் பார்ப்பாள், மறுபடி தரையைப் பார்ப்பாள். என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்டக்டர் டிக்கெட் கிழித்தால்கூட எனக்கு என்னவோ செய்தது.

காரியாபட்டி வந்துவிட்டது. பார்த்தீங்களா, நான் சொல்லவில்லை? நெருங்கி வாங்க. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்க.

சம்பந்தி அப்போதுதான் பெரிய மனுஷன் மாதிரி யோசனை சொன்னார். "சம்பந்தி, உங்க சிரிப்பை மீசைதான் மறைக்குது." நம்பினேன். எங்கள் ஊர் சலூனில் போய் உட்கார்ந்து, எடுத்துவிடு என்றேன். கடைக்காரன் ரெண்டு தடவை கேட்டான். எடுத்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை வாசலில் போய் நிற்கிறேன், பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு ஒரே அலறல். யாரோ புது ஆள் என்று நினைத்துவிட்டாள். முகத்தில் ஒன்று மாறினாலும் அவளுக்குத் தாங்காதாம். இது முன்னாடியே தெரியாதா அந்த மனுஷனுக்கு? கேட்டால், "எனக்கும் தோணல சம்பந்தி, மன்னிச்சுக்கங்க" என்று கண் கலங்குகிறார். நடிப்பு. மீசை வளர்கிற வரைக்கும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு போய்வந்தேன்.

மீசை வளர்ந்த பிறகு ஒரு நாள் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எதற்கு என்கிறீங்க? சிரிக்கச் சொல்லிக் கொடுக்க. கையில் முகம் பார்க்கும் கண்ணாடி.

"கண்ணு சுருங்கணும் சம்பந்தி. வாய் மட்டும் போனா பத்தாது."

"சுருக்கியாச்சு."

"அது வெயிலுக்குச் சுருக்கற மாதிரி இருக்கு. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க பத்துப் பேர் கார்ல வந்து இறங்கறாங்கன்னு நினைச்சுக்கங்க."

"டிக்கெட் இருக்கான்னு கேக்கணும்போல இருக்கு."

"ஐயோ சம்பந்தி, கேட்டை மறங்க!"

கொதிக்கிற வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சிரித்தேன். தாடை வலித்தது. எதிர்வீட்டு மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் பாதியிலேயே கீழே இறங்கிவிட்டாள். ஆனாலும் அந்தச் சிரிப்பு கலையாமல் அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு, படியில் மெதுவாக இறங்கி, மிருதுளா முன்னால் போய் நின்றேன். அவள் அட்டைகளைப் புரட்டினாள். ஒன்றை எடுத்தாள்.

'பயம்.'

என் பயத்தைச் சொன்னாளா, அவள் பயத்தைச் சொன்னாளா, தெரியவில்லை. ரெண்டும் சரியாகத்தான் இருந்தது.

அதோடு விட்டுவிட்டேன். இனிமேல் வரவே மாட்டேன் என்றுகூட மகளிடம் சொன்னேன். "அப்பா, அவ இன்னும் தாளைச் சேர்த்துக்கிட்டுத்தான்ப்பா இருக்கா. ஒண்ணுகூடத் தூக்கிப் போட விட மாட்டேங்கறா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக மறுபடி பஸ் ஏறினேன்.

அன்று கறிச்சாப்பாடு. சம்பந்தியே பரிமாறுகிறார். வழக்கம்போல ஊரில் இருக்கிற பல் எல்லாம் அவர் வாயில். "ஈரல் வைக்கட்டுமா சம்பந்தி, உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்." அப்போது மிருதுளா எழுந்து வந்தாள். நேராக அவரிடம் போய் ஒரு அட்டையை நீட்டினாள். 'வருத்தம்.'

எல்லோரும் சிரித்தோம். "தாத்தா சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன் கண்ணு" என்று வாங்கிக் கீழே வைத்தார். அவள் எடுத்து மறுபடியும் நீட்டினாள். மறுபடி கீழே வைத்தார். மறுபடி நீட்டினாள். செல்வராணி, "மிது, தாத்தா முகத்தைப் பாரு, இது என்ன?" என்று சந்தோஷ அட்டையைக் காட்டினாள். பிள்ளை முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கையைக் காட்டினாள்.

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். கரண்டியைக் கீழே வைத்த கை, தோளிலிருந்த துண்டை எடுத்து மடிக்கிறது. பிரிக்கிறது. மறுபடி மடிக்கிறது. வாய் சிரித்துக்கொண்டிருக்கிறது, கை மடித்துக்கொண்டிருக்கிறது. கடையில் சேர்ந்த புதிதில் சேலை மடிக்கிற வேலையாம் அவருக்கு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடையில் கூடவே நின்ற கூட்டாளி ஒருத்தர், அன்று விடிகாலையில் தவறிவிட்டாராம். போன் வந்திருக்கிறது. வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

"ஏன் மாமா சொல்லல?" என்று செல்வராணி கேட்டாள்.

"உங்கப்பா வாராவாரம் வந்து மனசு நொந்து போறாரும்மா. இன்னிக்காவது நல்லா சாப்பிடட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

பார்த்தீங்களா தம்பி? என்னிடம் மறைத்திருக்கிறார். நான் என்ன அந்நியமா? சொன்னால் குறைந்தா போய்விடுவார்? எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, அவருடைய டிவிஎஸ் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து, துஷ்டி வீட்டுக்கு நானே கூடப் போனேன். எடுக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். அங்கே என் முகம் ரொம்பப் பொருத்தமாக இருந்தது, அது வேறு விஷயம்.

டீச்சர் இதைக் கேட்டதும் நெற்றியில் தட்டிக்கொண்டார். "முகத்தைப் பாரு, முகத்தைப் பாருன்னு நாங்கதான் அவளைப் படுத்திட்டோம். அவ பார்க்கிற இடமே வேற" என்றார். மாப்பிள்ளையின் பழைய போனை மிருதுளா கையில் கொடுத்து, வீட்டில் யாருக்கு என்ன என்று உனக்கு எங்கே தெரிகிறதோ அதை எடுத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்.

ரெண்டு வாரம் எடுத்தாள். படங்களை அட்டையில் ஒட்டி, அவள் சொன்னதைக் கீழே எழுதி வைத்திருந்தார் டீச்சர். அந்தச் சனிக்கிழமை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்ட கை ஒன்று. கீழே, 'அம்மா கோபம்'. செல்வராணி சட்டென்று வளையலைக் கீழே இறக்கினாள். துண்டு மடிக்கிற கை. 'தெய்வம் தாத்தா வருத்தம்'. தனக்கென்றும் ரெண்டு படம் எடுத்திருந்தாள் மிருதுளா. பிஸ்கட் டப்பா திறந்திருந்தால், 'மிது சந்தோஷம்'. மூடியிருந்தால், 'மிதுவை விடு'. இப்போதெல்லாம் அலறல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது தம்பி. மிக்ஸி ஓடினால் ஓடுவதில்லை, மூடின டப்பா அட்டையைக் கொண்டுவந்து அம்மா முன்னால் பிடிக்கிறாள். என் மகள் கையெடுத்துக் கும்பிட்டு மிக்ஸியை நிறுத்திவிடுகிறாள்.

கடைசியாக ஒரு அட்டை. ஒரு கால். வலது காலின் கட்டைவிரல் மட்டும் மேலே நிமிர்ந்துகொண்டு நிற்கிறது.

"யார் காலுய்யா இது?" என்றேன்.

எல்லோரும் முக்காலியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் கட்டைவிரல் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது.

கீழே எழுதியிருந்ததை மாப்பிள்ளைதான் படித்தார். 'சங்கையா தாத்தா சந்தோஷம்.'

அத்தனை வாரமும் அடுப்படி வாசலில் நின்று தரையையா பார்த்தாள்? என் காலைப் பார்த்திருக்கிறாள். காலில் சந்தோஷம், அட்டையில் கோபம், எதை நம்புவது என்று பிள்ளை தவித்திருக்கிறாள். சம்பந்தி சொன்னார், "முப்பது வருஷமா சிரிப்பை எல்லாம் பூட்ஸுக்குள்ளயே போட்டு வச்சிருந்திருக்காரு." அவருக்கு எதிலும் ஒரு நையாண்டி.

மிருதுளா உள்ளே போனாள். சேர்த்து வைத்திருந்த தாள்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, ஒரு சாண் விட்டு உட்கார்ந்தாள்.

"கிழி."

கிழித்தேன். டர்ர்.

அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி வீட்டுக்காரியிடம் போய், என் கால்விரல் ஆடுமாமே, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் உங்களோட குப்பை கொட்டினேன்?" என்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? மீசையாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது மையத்துச் சுவரில் சம்பந்தியின் முகத்தை எடுத்துவிட்டு, என் கட்டைவிரலை மாட்டியிருக்கிறார்கள். 'சந்தோஷம்.' நகம் வெட்டாத விரல். எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெட்டியிருப்பேன். யார் சொன்னார்கள்? என் கோப முகத்தையும் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் வேறு யாரோ ஒரு பிள்ளையின் சித்தப்பா. போய்ப் பார்த்தேன். சுமாரான கோபம். அதைப் பார்த்து எந்தப் பிள்ளை தள்ளி நிற்கப் போகிறது?

மண்டேலா நகர் வந்துவிட்டது, வழி விடுங்க. அங்கே பாருங்க, அந்த டிவிஎஸ் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் தெய்வநாயகம். வாராவாரம் இப்படி வந்து நிற்பது. நான் வரச் சொன்னேனா? எனக்கு நடக்கத் தெரியாதா? இப்போது பஸ் நிற்பதற்குள் ஓடி வந்து என் பையைப் பிடுங்குவார், "சம்பந்தி, இன்னிக்கு ஈரல் இருக்கு" என்பார். பத்திரிகை கிழித்த கதையைச் சொல்லிச் சிரித்தவர், என் மீசையை எடுக்க வைத்தவர். அந்த மனுஷனைக் கண்டாலே எனக்கு ஆகாது தம்பி, உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

என்ன தம்பி, குனிந்து எதைத் தேடுறீங்க? ஏதாவது கீழே விழுந்துவிட்டதா?

இருங்க, இருங்க. செருப்பைப் போட்டுக்கொள்கிறேன்.